எட்டு வாரத்துக்குள் பதிவு: எந்த முறை கைகொடுக்கும்?

கர்ப்பவதி ஒருவரை எட்டு வாரம் முடிவதற்குள் பதிவுசெய்துவிட வேண்டும் என்பது இலங்கையின் குடும்ப நல உத்தியோகத்தர் அனைவரும் அறிந்த இலக்கு. கிளினிக், குளிசை, வீட்டுத் தரிசிப்பு, பெற்றோர் வகுப்பு எல்லாமே இலவசம். அப்படியிருந்தும் கொழும்பில் வயிறு தெரியத் தொடங்கிய பிறகே கிளினிக்குக்கு வரும் தாய்மார் இருக்கிறார்கள். இந்தத் தாமதத்தைக் குறைக்கச் சிக்ஸ் சிக்மா, லீன், பிடிஎஸ்ஏ ஆகிய மூன்று தர மேம்பாட்டு முறைகளில் எது உதவும்?

1986இல் மோட்டோரோலா நிறுவனத்தில் உருவான சிக்ஸ் சிக்மா, பத்து இலட்சம் வாய்ப்புகளில் 3.4 பிழைகள் என்ற அளவை நாடுவது. அதற்கு ஏராளமான தரவு வேண்டும். ஓர் உத்தியோகத்தரின் பிரிவில் ஏறத்தாழ 3,000 பேர் என்று கொண்டால், மாதம் ஒன்றில் புதிதாகப் பதிவாகும் கர்ப்பவதிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த எண்ணிக்கையில் இம்முறைக்கு வேலையில்லை.

லீன் என்பது வேலை நடக்கும் வழியைப் பார்த்து வீணான படிகளையும் காத்திருப்பையும் நீக்கும் முறை. அதன் உறவான, பணியிடத்தை ஒழுங்குபடுத்தும் 5எஸ், கொழும்பின் காசல் வீதி மகளிர் வைத்தியசாலையின் மூலம் நமக்குப் பழக்கமானது. ஆனால் இங்கே அலுமாரியை ஒழுங்குபடுத்துவதைவிட, தாய் நடக்கும் வழியை அவரோடு நடந்து பார்ப்பதே முக்கியம். கொட்டாஞ்சேனையில் மாடி அறையொன்றில் வாடகைக்கு இருக்கும், மலையகத்திலிருந்து அண்மையில் வந்த இளம் பெண்ணை எண்ணிப் பாருங்கள். பார்மசியில் கர்ப்பப் பரிசோதனைப் பட்டி வாங்கிப் பரிசோதிக்கிறார். இரண்டு கோடு தெரிந்ததும் தனியார் வைத்தியரிடம் ஸ்கேன் எடுக்கிறார். பிரிவு மிஸ்ஸி (குடும்ப நல உத்தியோகத்தர்) யாரென்று அவருக்கும், அவர் குடிவந்ததே மிஸ்ஸிக்கும் தெரியாது. பார்மசிக்கும் மிஸ்ஸிக்கும் இடையில் எவரும் பொறுப்பேற்காத அந்த இடைவெளியிலேயே வாரங்கள் கழிகின்றன.

இடைவெளியைக் காட்டுவது லீன் என்றால், அதை அடைக்கும் வழியைச் சோதிப்பது பிடிஎஸ்ஏ: திட்டமிடு, செய், ஆராய், செயற்படு. உத்தியோகத்தரின் தொலைபேசி எண்ணும் கிளினிக் நாளும் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்ட சிறு துண்டை, ஒரேயொரு பார்மசியில், பட்டியோடு சேர்த்துக் கொடுக்கச் சொல்லி ஒரு மாதம் பார்க்கலாம். பயன் தெரிந்தால் அடுத்த பார்மசி. இல்லையேல் துண்டை மாற்றலாம், செலவு சொற்பமே. பலர் 'செய்' என்பதோடு நின்று 'ஆராய்' என்பதை விட்டுவிடுவதுதான் என் கவலை.

ஆகவே என் தெரிவு, லீனில் தொடங்கிப் பிடிஎஸ்ஏயில் தொடர்வது. அளவுகோலுக்குப் புதிய படிவம் எதுவும் தேவையில்லை. பதிவின்போது எத்தனையாவது வாரம் என்பது கர்ப்பவதிப் பதிவேட்டில் ஏற்கனவே எழுதப்படுகிறது. அதை மாதந்தோறும் ஒரு தாளில் புள்ளியாகக் குறித்துக் கிளினிக் சுவரில் ஒட்டினால் போதும்.