அடைக்கோழியா, இன்குபேட்டரா? பொரிப்பும் வளர்ப்பும் தனித்தனிக் கணக்கு

சிறுவிடை எனும் சிறிய உடல் நாட்டுக்கோழி 12 முதல் 15 முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். 21 நாள் அடை. அதன்பின் இரண்டு மாதத்துக்கு மேல் குஞ்சுகளோடு திரியும். மறுபடி முட்டைக்கு வருவதற்குள் நான்கு மாதம் ஓடிவிடும், வருடத்துக்கு மூன்று சுற்றுதான் கிடைக்கும். பொரித்த அன்றே குஞ்சுகளைப் பிரித்துவிட்டால் அதே கோழி இரண்டு மூன்று வாரத்தில் முட்டைக்கு வந்துவிடும், வருடத்துக்கு ஐந்து சுற்று எடுக்கலாம். முட்டை பொரிக்கும் இயந்திரமான இன்குபேட்டரை வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் கிளம்புகிறார்கள். கணக்கு சரிதான். ஆனால் முட்டையைப் பொரிப்பது ஒரு வேலை, குஞ்சைக் கரையேற்றுவது வேறொரு வேலை. முதலாவதில் நல்ல அடைக்கோழியை வீட்டு இயந்திரம் மிஞ்சுவது அரிது. இரண்டாவதில்தான் நம் ஊர்ப் புறக்கடைகளில் கோழி தோற்கிறது. அதனால் இரண்டையும் பிரித்தே பார்க்க வேண்டும்.

பொரிப்பில் கோழி

கரு கூடிய முட்டையாக இருந்தால் பத்துக்கு எட்டு ஒன்பது பொரிப்பது நல்ல அடைக்கோழிக்குச் சாதாரணம். சூடு, ஈரம், முட்டையைத் திருப்புவது எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். நாம் செய்யவேண்டியது கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொஞ்சத்தில்தான் பெரும்பாலும் கெடுகிறது.

கூட்டில் உட்கார்ந்த உடனே முட்டை வைக்கக் கூடாது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கை நீட்டினால் கொர்ரென்று கத்திக் கொத்தி, இரண்டு இரவு கூமுட்டை மேலேயே எழாமல் இருந்தால்தான் அடை உறுதி. மூன்றாம் நாள் இருட்டியபின் எல்லா முட்டையையும் ஒரே நேரத்தில் வைக்க வேண்டும். ஒன்றரைக் கிலோ கோழிக்கு 10 முதல் 12, சித்திரை வெயிலில் 8 அல்லது 9 போதும். ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் ஒரு வட்டம் போடுங்கள். அடைக்கூடையில் வேறு கோழி வந்து முட்டையிட்டுப் போவது புறக்கடையில் அன்றாடம் நடப்பது. குறி இல்லாத முட்டையை அன்றன்றே எடுத்துவிடாவிட்டால் பொரிப்பு நாள் கலைந்துபோகும். முதல் நான்கு குஞ்சு நடக்க ஆரம்பித்ததும் கோழி அவற்றோடு இறங்கிவிடும், உயிருள்ள மிச்ச முட்டைகள் கூடையிலேயே குளிர்ந்து சாகும். இதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் "கோழி சரியில்லை" என்கிறார்கள்.

கூடையில் மூன்று விரற்கடை மணல், மேலே வைக்கோல், அடியில் நொச்சி இலையோ வேப்பிலையோ. கோழிச்செல் என்னும் ரத்தம் உறிஞ்சும் சிறுபூச்சி பிடித்த கூடையில் எந்தக் கோழியும் 21 நாள் தாங்காது, பதினைந்தாம் நாள் எழுந்து போய்விடும். ஒவ்வொரு அடைக்கும் வைக்கோலை எரித்துப் புதிது போடுங்கள். தினம் ஒருமுறை கோழி இறங்கித் தின்று, குடித்து, மண் குளித்துத் திரும்ப இருபது நிமிடம் ஆகும். தானாக இறங்காத கோழியைத் தூக்கி இறக்கிவிட வேண்டும். இடியில் முட்டை கெடாமல் இருக்கக் கூடையில் கரித்துண்டும் இரும்பும் போடுகிற பழக்கத்தால் கெடுதல் இல்லை. ஆனால் மழைக்காலத்தில் முட்டை கெடுவதற்கு இடி காரணமில்லை, கூடை நனைவதுதான் காரணம்.

பெரிய உடல் கொண்ட பெருவிடைக் கோழி வளர்ப்பவர்கள் அதன் முட்டையைச் சிறுவிடைக்கு வைப்பதிலும் நியாயம் உண்டு. மூன்று கிலோக் கோழி ஏறி இறங்கும்போது முட்டை உடையும்.

பொரிப்பில் இயந்திரம்

விசிறி உள்ள இன்குபேட்டரில் 37.5 முதல் 37.7 டிகிரி செல்சியஸ். முதல் 18 நாள் ஈரப்பதம் 50 முதல் 55 சதவீதம், கடைசி மூன்று நாள் 65க்கு மேல். 18ஆம் நாள் வரை தினம் மூன்று முதல் ஐந்து முறை திருப்ப வேண்டும். அதன்பின் திருப்பக் கூடாது, மூடியையும் திறக்கக் கூடாது. ஓட்டை போட்ட குஞ்சுக்கு உதவுவதாகத் திறந்தால் ஈரம் வெளியேறி உள்தோல் காய்ந்து, மற்ற குஞ்சுகளை இறுக்கிக்கொள்ளும்.

தெர்மாகோல் பெட்டியில் செய்யும் இன்குபேட்டர்களில் பெரிய குறை, கட்டுப்படுத்தி காட்டும் எண்ணை அப்படியே நம்புவது. ஒரு டிகிரி வித்தியாசம் சாதாரணமாக இருக்கும். காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரை முட்டை மட்டத்தில் வைத்து ஒப்பிடுங்கள். சூடு கூடினால் குஞ்சு இருபதாம் நாளே, தொப்புள் மூடாமல் வெளிவரும். குறைந்தால் 22, 23ஆம் நாள் சோர்ந்து வரும். மின்சாரம் போனால் பதற வேண்டாம். பெட்டியைத் திறக்காமல் போர்வை போர்த்தினால் சில மணி நேரம் கரு தாங்கும். குளிரைவிட அதிகச் சூடு வேகமாகக் கொல்லும்.

ஏழாம் நாள் செல்போன் டார்ச்சை முட்டையின் அகன்ற முனையில் வைத்துப் பாருங்கள். சிலந்தி கால் விரித்ததுபோல் சிவப்பு நரம்பும் நடுவில் அசையும் கரும்புள்ளியும் தெரிந்தால் கரு உயிரோடு இருக்கிறது. ஒரு சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் செத்துவிட்டது. தெளிவாக இருந்தால் கரு கூடவே இல்லை. கோழிக்கு வைத்த முட்டையையும் இரவில் இப்படிப் பார்க்கலாம்.

இரண்டு வழிக்கும் பொதுவான எதிரி பழைய முட்டை. ஏழு நாளுக்குள் வைத்துவிட வேண்டும். கோடையில் வீட்டுக்குள்ளேயே 35 டிகிரி ஏறும்போது, அடைக்கு வைக்கும் முன்பே கரு அரைகுறையாக வளரத் தொடங்கிச் செத்துவிடும். அந்த மாதங்களில் நான்கு நாளுக்கு மேல் சேர்க்க வேண்டாம். ஈர மணல் நிரப்பிய மண்பானை மேல் தட்டு வைத்து அதில் சேர்ப்பது நல்லது.

வளர்ப்பில்தான் நிலைமை மாறுகிறது

தாய்க்கோழி கொடுப்பதை எந்தப் பல்பும் கொடுக்காது. கரையான் புற்றைக் கிளறிக் காட்டும், பருந்து நிழல் விழுந்ததும் ஒற்றைக் குரலில் குஞ்சுகளை உறையவைக்கும், குளிரும்போது இறக்கைக்குள் வாங்கிக்கொள்ளும். ஆனால் திறந்துவிட்ட 12 குஞ்சில் ஒரு மாதம் கழித்து ஐந்தாறு நின்றாலே பெரிதாக இருக்கிற தோட்டங்கள் நிறைய. காகம், கீரி, பூனை, பருந்து, நனைந்த புல் எல்லாம் அந்த முதல் நான்கு வாரத்தில்தான் கணக்குத் தீர்க்கின்றன. கோழியின் பின்னால் ஓடித் தளர்ந்து பின்தங்கும் கடைசிக் குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் குறையும்.

இதற்கு மருந்து பஞ்சாரம், அதாவது கவிழ்த்து வைக்கும் மூங்கில் கூடை. தாயையும் குஞ்சையும் முதல் இரண்டு வாரம் பஞ்சாரத்துக்குள் வைத்து, தீனியும் ஆழமில்லாத தண்ணீர்த் தட்டும் உள்ளேயே கொடுத்து, தினம் இடம் மாற்றி வைத்தால் பாதி இழப்பு நின்றுவிடும். இரவில் பலகை போட்ட கூண்டு.

இன்னொரு இழப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தாயோடு திரியும் குஞ்சைப் பிடிக்கச் சிரமப்பட்டுத் தடுப்பு மருந்தை விட்டுவிடுகிறோம். வெள்ளைக் கழிச்சல் வந்தால் கூட்டமே போகும். ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு லசோட்டா தடுப்பு மருந்து, நான்காம் வாரம் மறுபடி, எட்டாம் வாரம் இறக்கைத் தோலுக்கடியில் ஊசி. இரவில் பிடித்தால் சிரமமே இல்லை. ஒரு குப்பி 100 குஞ்சுக்கு வரும், கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். தெருவில் நாலு வீட்டார் சேர்ந்து ஒரே நாளில் போடுங்கள்.

தாயில்லாமல் பல்புச் சூட்டில் குஞ்சு வளர்க்கும் புரூடரில் 20 குஞ்சுக்கு மூன்றடி விட்ட வட்டம், ஒன்றரையடி உயரத் தகரம் அல்லது அட்டை, தரையில் இரண்டு அங்குல உமி, முதல் மூன்று நாள் அதன்மேல் செய்தித்தாள். குஞ்சுக்கு 2 வாட் என்ற கணக்கில் 40 வாட் குண்டு பல்பு. எல்.இ.டி. வெளிச்சம் தரும், சூடு தராது. முதல் வாரம் 35 டிகிரி, வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம். தெர்மாமீட்டரைவிடக் குஞ்சைப் பாருங்கள். பல்புக்குக் கீழே நெருக்கினால் குளிர், ஓரத்தில் வாய் பிளந்தால் சூடு, பரவிப் படுத்தால் சரி. மூலை இருக்கவே கூடாது. இரவு மின்சாரம் போனால் மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, அடியில் இருப்பவை மூச்சுமுட்டிச் சாகும். துணி சுற்றிய வெந்நீர் பாட்டில் இரண்டு கைவசம் இருக்கட்டும். கரி அடுப்பை மூடிய அறையில் வைக்காதீர்கள்.

புரூடரின் பலவீனம் ஈர உமி. மூன்றாம் வாரத்தில் ரத்தக் கழிச்சல் அங்கிருந்துதான் வரும். தண்ணீர்த் தட்டைச் சுற்றி நனைந்த உமியை அன்றன்றே அள்ளிப்போட வேண்டும். தீனிச் செலவு முழுவதும் நம் தலையில்தான்.

கலந்து செய்கிற வழி

ஐந்து கோழிக்குள் இருந்தால் இன்குபேட்டர் வேண்டாம். அடைக்கோழியும் பஞ்சாரமும் போதும். பத்துக்கு மேல் இருந்தால் மூன்று கோழிகளை ஒரே நாளில் அடை வையுங்கள். ஏழாம் நாள் டார்ச் அடித்துக் கூமுட்டையை நீக்கிவிட்டு, மிச்சத்தை இரண்டு கோழிக்குச் சேர்த்து, மூன்றாவதை விடுவித்துவிடலாம். பொரித்தபின் எல்லாக் குஞ்சையும் நல்ல தாய் ஒன்றிடம் விட்டால் மற்றொன்று முட்டைக்குத் திரும்பும். இயந்திரத்தில் பொரித்த குஞ்சையும் இப்படித் தாய்க்குக் கொடுக்கலாம். அதற்குக் கோழி இரண்டு வாரமாவது அடை காத்திருக்க வேண்டும், குஞ்சுக்கு ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் வயதுதான் இருக்க வேண்டும், இருட்டில் ஒவ்வொன்றாக இறக்கைக்கு அடியில் நுழைக்க வேண்டும். மூன்று நாள் தாண்டிய குஞ்சு தாயை நம்பிப் பின்னால் போகாது. விடியும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள், கொத்தினால் உடனே எடுத்துவிடுங்கள்.

அடை வேண்டாத கோழியைத் தண்ணீரில் முக்குவதும் மூக்கில் இறகு செருகுவதும் தேவையற்ற வதை. அடிக்குக் கம்பி வலை போட்ட, தரையிலிருந்து உயர்த்திய, காற்றோட்டமான கூண்டில் தீனி தண்ணீரோடு மூன்று நான்கு நாள் வைத்தால் வயிற்றுச் சூடு தணிந்து தானாகத் தெளியும். திறந்துவிட்டதும் பழைய கூடையை நோக்கி ஓடினால் இன்னும் இரண்டு நாள் வையுங்கள்.