புதுச்சேரியில் பழைய ராக் இசைத்தட்டு வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

காந்தி வீதி ஞாயிறு சந்தைக்குப் பழைய எல்.பி. தேடிப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். பிரிட்டன் ராக் குழுவான பிங்க் ஃபிளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ முதல் பதிப்பு என்று சொல்லி ஒருவர் என்னிடம் 14,000 ரூபாய் வாங்கிக்கொண்டு போலித் தட்டைக் கொடுத்துவிட்டார். லாஸ்பேட்டையில் இருக்கும் நண்பரும் அதே ஆளிடம் ஏமாந்திருக்கிறார். அந்த ஆள் இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார் என்று போன வாரம் தெரிந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் கடலூர், மஞ்சக்குப்பம். பத்தாவது படிக்கும்போது எதிர்வீட்டு அண்ணன் 90 நிமிட கேசட் ஒன்றில் பதிந்து கொடுத்தார். ஒரு பக்கம் முழு டார்க் சைட், மறுபக்கம் டீப் பர்ப்பிளின் ‘மேட் இன் ஜப்பான்’ பாதி. நாடா நைந்து போகும்வரை கேட்டேன். ஃபிளாய்டின் சிறந்த ஆல்பம் எது என்று கேட்டால் 1975இல் வந்த ‘விஷ் யூ வேர் ஹியர்’ என்றுதான் இன்றும் சொல்வேன். மனநிலை குலைந்து குழுவைவிட்டுப் போன சிட் பாரெட்டுக்காக ஏங்கிச் செய்த ஆல்பம் அது. அந்த ஏக்கம் ரிச்சர்ட் ரைட்டின் கீபோர்டில் முதல் நிமிடத்திலேயே வந்துவிடும். ஆனாலும் முதன்முதலில் நம்மைப் பிடித்து உட்காரவைத்த ஆல்பத்தின் இடம் வேறு. எனக்கு அது டார்க் சைட்தான்.

2007 பிப்ரவரியில் ஃபிளாய்டில் இருந்த ரோஜர் வாட்டர்ஸ் மும்பைக்கு வந்து அந்த ஆல்பம் முழுவதையும் மேடையில் வாசித்தபோது என்னால் போக முடியவில்லை. கையில் பணம் இல்லை. அடுத்த மாதம் பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸில் அயர்ன் மெய்டன். கடன் வாங்கி பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன், இன்றுவரை நான் பார்த்ததிலேயே பெரிய கச்சேரி அது. 2008 செப்டம்பரில் ரைட் இறந்துபோனார். 2005இல் லண்டன் ஹைட் பார்க்கில் லைவ் 8 நிகழ்ச்சிக்காகச் சேர்ந்த ஃபிளாய்டின் அந்த நால்வரை இனி ஒரே மேடையில் பார்க்கவே முடியாது என்று ஆகிவிட்டது. அதற்கு அப்புறம்தான் தட்டு சேர்க்கத் தொடங்கினேன். அவர்கள் இளைஞர்களாக இருந்தபோது அச்சான ஒரு தட்டு என் அறையில் சுழல வேண்டும் என்று ஆசை. இந்த ஆசை உள்ளவர்களைத்தான் அந்த ஆள் குறிவைக்கிறார்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. சந்தையில் பழைய இந்தித் தட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் பக்கத்தில் வந்து நின்று, “ராக் கேப்பீங்களா தம்பி?” என்றார். பேச ஆரம்பித்தோம். ‘மேட் இன் ஜப்பான்’ ஒசாகாவில் இரண்டு இரவு, டோக்கியோவில் ஓர் இரவு பதிவானது என்று அவராகவே சொன்னார். லெட் செப்பலினின் ‘வென் தி லெவீ பிரேக்ஸ்’ பாட்டில் ஜான் பானமின் டிரம்ஸ் ஏன் அப்படி இடிக்கிறது என்றால், ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் மாடிப்படிக் கூடத்தில் வைத்து வாசித்ததால்தான் என்றார். எல்லாம் சரியான தகவல். இந்தப் பக்கத்தில் இப்படிப் பேச எனக்கு எத்தனை பேர் கிடைப்பார்கள்? அரை மணி நேரத்தில் அவரை அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

அதன் பிறகுதான் சரக்கைப் பற்றிச் சொன்னார். ஒரு சொல்தா வீடு. தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், பிள்ளைகள் பாரிசில். அங்கே வாங்கி ஊருக்குக் கொண்டுவந்த தட்டுகள் பெட்டியோடு கிடக்கின்றன, வீட்டை விற்கப் போகிறார்கள், சீக்கிரம் எடுத்தால் உண்டு. புதுச்சேரியில் அப்படிப்பட்ட வீடுகள் உண்டு என்பது நமக்கெல்லாம் தெரியும். அதனால் இந்தக் கதையை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

2,000 ரூபாய் முன்பணம் அங்கேயே ஜிபேயில் அனுப்பினேன். அடுத்த ஞாயிறு பேருந்து நிலையம் பக்கம் ஒரு டீக்கடையில் தட்டைக் கொண்டுவந்தார். புத்தகம் போல விரியும் கவர். ஓரமெல்லாம் பழுப்பு. முன்னட்டையின் இடது கீழ் மூலையில் காபி டம்ளர் வைத்த வட்டக் கறை. பின்னட்டையில் நீலப் பேனாவால் எழுதிய ஒரு பிரெஞ்சுப் பெயர், அதன் கீழே 1974. அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. போட்டுக் கேட்கலாமா என்றதற்கு, “இங்க ஏது பிளேயர்? வீட்டுக்காரங்க இன்னிக்கே பணம் கேக்கறாங்க” என்றார். மீதி 12,000 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டுக் கடலூர் பஸ் ஏறினேன். தட்டை மடியிலேயே வைத்திருந்தேன்.

வீட்டில் போட்டபோதே ஏதோ உறுத்தியது. ‘டைம்’ பாட்டின் தொடக்கத்தில் கடிகாரங்கள் ஒவ்வொன்றாக அடித்துக் கிளம்பும். ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் பழங்காலக் கடிகாரக் கடையில் தனித்தனியாகப் பதிந்து சேர்த்த ஒலிகள் அவை. ஒவ்வொரு மணிக்கும் அதற்கான இடம் தெரிய வேண்டும். இதில் எல்லாம் ஒரே தகரச் சத்தமாக வந்தது. முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’. கிளேர் டோரி வார்த்தையே இல்லாமல் குரலால் மட்டும் அழுது உயரும் இடத்தில் கரகரவென்று பிசிறியது. தட்டின் உள்பக்கம் போகப் போகப் பிசிறு கூடுவது இயல்புதான். சுற்றும் வேகம் மாறாது, ஆனால் வட்டம் சிறுத்துக்கொண்டே போகும். முள்ளுக்கு அடியில் ஓடும் தடத்தின் நீளம் முதல் சுற்றைவிடப் பாதிக்கும் கீழே வந்துவிடும். நல்ல தட்டில் அதைச் சமாளித்து வெட்டியிருப்பார்கள். இதில் அந்தக் குரலே கிழிந்தது. முள் தேய்ந்திருக்கும் என்று நினைத்துப் புது முள் வாங்கி மாட்டினேன். அதற்கு வேறு செலவு.

மூன்று வாரம் கழித்து லாஸ்பேட்டை நண்பர் வீட்டுக்குப் போனேன். அவரும் டார்க் சைட் வாங்கியிருக்கிறேன் என்று ஆசையாக எடுத்துக் காட்டினார். இடது கீழ் மூலையில் காபி வட்டம். பின்னட்டையில் அதே நீலப் பெயர், அதே 1974, கடைசி எழுத்தின் வாலில் அதே சுழி. இரண்டு பேரும் சிறிது நேரம் பேசவே இல்லை. ஈர விரலால் தேய்த்துப் பார்த்தோம், மை கலையவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் கையெழுத்து முழுக்கப் புள்ளி புள்ளியாக இருந்தது. கறை, பழுப்பு, பேனா எழுத்து எல்லாமே அச்சு. யாரோ ஒருவர் வீட்டு உண்மையான கவரை ஸ்கேன் எடுத்து அப்படியே அடித்திருக்கிறார்கள்.

அன்று ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். வாங்குவதற்கு முன்னால் பார்த்திருக்க வேண்டியவை இவை. 1973 மார்ச்சில் வந்த அந்த ஆல்பத்தின் பிரிட்டன் முதல் பதிப்பில், தட்டின் நடு லேபிளில் இருக்கும் முக்கோணம் முழுக்க நீலமாக நிரம்பியிருக்கும். பிறகு வந்த பதிப்புகளில் அது வெறும் கோட்டு முக்கோணம். லேபிள் எண் எஸ்.எச்.வி.எல். 804. பாட்டு முடிந்து முள் ஓடி நிற்கும் கடைசி வெற்று வளையம் இருக்கிறதே, அதைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் அதே எண் பொறித்திருப்பது தெரியும். பக்கவாட்டில் சின்னதாக ஓர் எழுத்தோ இரண்டு எழுத்தோ இருக்கும். ஜி, ஆர், ஏ, எம், ஓ, பி, எச், எல், டி என்று ஒன்று முதல் ஒன்பது வரைக்கும், கடைசியாக வரும் இன்னொரு டி பூஜ்யத்துக்கும் என்று தட்டை அச்சிட்ட இ.எம்.ஐ. நிறுவனம் வைத்திருந்த கணக்கு அது. எத்தனையாவது அச்சிலிருந்து வந்த தட்டு என்பதை அந்த எழுத்துகள் சொல்லும். என் தட்டில் அப்படி ஒன்றுமே இல்லை. ஆணியால் கிறுக்கியது போல ஏதோ நான்கு எண்கள், அவ்வளவுதான். கவரின் உள்ளே இரண்டு போஸ்டரும் இரண்டு ஸ்டிக்கரும் இருந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது பளபளத் தாளில் அடித்த ஒரே ஒரு போஸ்டர்.

இன்னொன்று எனக்கு மிகவும் வலித்தது. பாரிசில் வாங்கியது என்றால் அது பிரெஞ்சுப் பதிப்பாகத்தானே இருக்க வேண்டும்? பாத்தே மார்கோனி அச்சிட்ட தட்டாக இருக்கும், எண் 2சி என்று தொடங்கும், லேபிளில் சாசெம் என்ற பிரெஞ்சு உரிமைச் சங்கத்தின் பெயர் இருக்கும். இதில் இருப்பதோ பிரிட்டன் லேபிளின் நகல். புதுச்சேரிக்கு இவ்வளவு பக்கத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இது அந்த டீக்கடையில் தோன்றவில்லை.

போனில் கேட்டேன். முதலில், பாரிஸ் இல்லை, லண்டனில் வாங்கியது என்று கதையை மாற்றினார். நண்பரின் கவரைப் பற்றிச் சொன்னதும் குரல் மாறியது. “பழைய பொருளுக்கு கேரண்டி கிடையாது தம்பி. பாட்டு ஓடுதுல்ல, அப்புறம் என்ன?” என்றார். வைத்துவிட்டார். அதன் பிறகு எங்கள் இருவர் எண்ணையும் தடுத்துவிட்டார். ராக் இசையை அவ்வளவு தெரிந்து வைத்திருக்கும் மனிதர் இதைச் செய்கிறார் என்பதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

இரண்டு பேரும் சேர்ந்து காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். முன்பணம் அனுப்பிய ஜிபே விவரம் இருப்பதால் மனு வாங்கினார்கள். மீதியை ரொக்கமாகக் கொடுத்தது என் தவறு, அதற்கு ஆதாரம் இல்லை. நீங்கள் போனில் பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள். கடையில் ரசீதோடு வாங்கியிருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915.

புதுப் பதிப்பு வாங்குவதில் எந்தக் குறைச்சலும் இல்லை. கடையில் வாங்கியிருந்தால் நான் கொடுத்ததில் கால் பங்குதான் ஆகியிருக்கும், கடிகாரங்களும் ஒழுங்காக அடித்திருக்கும். கல்கத்தா டம்டம் ஆலையில் நம் கிராமபோன் கம்பெனி அச்சிட்ட தட்டு கிடைத்தால் இன்னும் நல்லது. கீறல் இருக்கும், ஆனால் இதுதான் என்று சொல்லி விற்பார்கள். அந்தச் சந்தையிலேயே அப்படி நேர்மையாக விற்கும் ஒரு பெரியவரிடம் எத்தனையோ தட்டு வாங்கியிருக்கிறேன், சாக்குமேல் சின்ன பிளேயர் வைத்துப் போட்டுக் காட்டித்தான் தருவார். யாரிடம் வாங்கினாலும் போட்டுக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். பிளேயர் இல்லை என்றால் அந்தக் கடைசி வளையத்தையாவது படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நல்ல விற்பனையாளர் யாரும் அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.

அந்த ஆள் இப்போது காட்டிக்கொண்டிருப்பவை இரண்டு. ஒன்று கறுப்பு உறை பாதி கிழிந்த ‘விஷ் யூ வேர் ஹியர்’, 1975 பதிப்பு என்கிறார். கவரின் பின்னால் பார்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். எழுபதுகளின் நடுவில் எல்.பி. கவர்களில் பார்கோடு வந்திருக்கவில்லை. இன்னொன்று லெட் செப்பலினின் 1969 முதல் ஆல்பம், பெயர் ஆரஞ்சு நிறத்துக்குப் பதிலாகப் பச்சைகலந்த நீலத்தில் இருக்கும் அரிய பிரிட்டன் பதிப்பு என்று சொல்கிறாராம். நிறத்தை எந்த அச்சகத்திலும் மாற்றிவிடலாம், அதை மட்டும் பார்த்து நம்பாதீர்கள். உங்களிடமோ நண்பர்களிடமோ காபி வட்டத்தோடும் நீலக் கையெழுத்தோடும் ஒரு டார்க் சைட் இருந்தால் கவரைப் படம் எடுத்து வையுங்கள். மூன்றாவது பிரதி கிடைத்தால் எங்கள் மனுவோடு சேர்த்துக் கொடுக்கலாம்.