ஏரியா ஜிம்மில் சீனியரிடம் கற்பது: நீண்ட நாள் அனுபவம்

வடசென்னையில் காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் சின்ன ஜிம்கள் பலவற்றில் தனியாக கோச் கிடையாது. சாவி மாஸ்டரிடம் இருக்கும், சொல்லித்தருவது சீனியர் அண்ணன்கள். பல வருஷமாக இப்படியே பயிற்சி எடுக்கும் எங்கள் கணிப்பில், நல்ல சீனியர் யார் என்பதைக் கை சைஸ் காட்டாது. சப்போர்ட் கொடுக்கிற விதம், அதாவது எடை தூக்குகிறவன் பக்கத்தில் நின்று முடியாதபோது பிடித்துக்கொள்கிற விதம், காட்டிவிடும்.

புதுப் பையனுக்கு முதல் வேலை பிளேட்டைக் கழற்றி அதனதன் இடத்தில் வைப்பது. ஒரு பக்கம் மொத்தமாக உருவினால் ராடு (பிளேட் மாட்டும் இரும்புக் கம்பி) மறுபக்கம் சாய்ந்து விழும், மாற்றி மாற்றித்தான் கழற்ற வேண்டும். எல்லா ராடும் 20 கிலோ இல்லை, 10 கிலோ ராடும் உண்டு என்பதும் அப்போதே பிடிபடும். அடுத்தது ரெப்ஸ், அதாவது எத்தனை தடவை தூக்குகிறான் என்று எண்ணுவது. எண்ணுகிறவன் கண் மணிக்கட்டு மடங்குகிறதா, இடுப்பு பெஞ்சை விட்டு எழுகிறதா என்று பார்க்கப் பழகும். அதற்கப்புறம்தான் சப்போர்ட்.

பெஞ்சில் மல்லாந்து படுத்து ராடைத் தூக்கும் பெஞ்ச் பிரஸ்ஸில் "எத்தனை ரெப்ஸ், எப்போ பிடிக்கணும்?" என்று முதலில் கேட்டுவிட வேண்டும். தலைப்பக்கம் நின்று, கையை ராடுக்குக் கீழே தொடாமல் வைத்திருக்க வேண்டும். ராடு நின்றாலோ கீழே இறங்க ஆரம்பித்தாலோதான் பிடிப்பது. பலரும் சொதப்புவது இங்கேதான். "நீயே தூக்குற, நீயே தூக்குற" என்று கத்திக்கொண்டே பாதி எடையை அவர்களே இழுப்பார்கள். 60 கிலோ தன் பலம் என்று நம்பிய தம்பி அடுத்த வாரம் இன்னும் பிளேட் ஏற்றுவான், தோள்பட்டை போகும். 1.25 கிலோ பிளேட் இல்லாத ஜிம்மில் ஏற்றுவதற்கு வழி இருக்கிறது: அதே எடையில் 8 ரெப்ஸ் 12 ஆகும்வரை பொறுத்து, பிறகு மொத்தமாக 5 கிலோ கூட்டினால் போதும்.

ஹார்பரிலும் மீன் மார்க்கெட்டிலும் சுமை தூக்கிவிட்டு வருகிறவர்கள் இங்கே நிறைய. விவரமான சீனியர் முதலில் கேட்பது, "இன்னிக்கு லோடு அடிச்சியா?" அடித்திருந்தால் அன்றைக்குத் தரையிலிருந்து ராடைத் தூக்கும் டெட்லிஃப்ட் கிடையாது, லேசாக மேல் உடம்பு மட்டும். மே மாசத்தில் ஷீட் கூரைக்கு அடியில் தலைச்சுற்றலோ குமட்டலோ வந்தால் செட்டை அங்கேயே நிறுத்தச் சொல்வதும் அவர் வேலை.

சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று குத்துச்சண்டைப் பரம்பரைகள் வளர்ந்த இந்தப் பக்கத்தில் வாத்தியார் மேல் மரியாதை அதிகம். நல்ல குணம்தான். ஆனால் அண்ணன் கோபிப்பார் என்று முட்டிவலியை மறைக்கிற பையன்கள் உண்டு. "எங்கேயாவது வலிக்குதா?" என்று ஒவ்வொரு வாரமும் சீனியரே கேட்டுவிட வேண்டும்.

சீனியரே பவுடர் விற்றால் எச்சரிக்கையாக இருங்கள். தசை பலத்துக்கென்று சாப்பிடும் கிரியேட்டின் பவுடர் தினம் 3 முதல் 5 கிராம் போதும், கிட்னி பிரச்சினை இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. ஆணழகன் போட்டியைக் காட்டி ஸ்டீராய்டு ஊசி போடச் சொல்பவரிடம் பேச்சே வேண்டாம். உடம்பு தானாகச் சுரக்கும் ஹார்மோன் படுத்துவிடும், இதயமும் கெடும். ஒரே ஊசியைப் பகிர்ந்தால் மஞ்சள்காமாலைக் கிருமியும் தொற்றும். அப்படிப்பட்டவர் எவ்வளவு தூக்கினாலும் எங்களுக்கு அவர் மாஸ்டர் இல்லை.

பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்கும் ஜிம்களில் சீனியர் அக்காக்கள் குறைவு. அங்கே முதல் மாசமே ரெண்டு பேருக்குச் சப்போர்ட் கொடுக்கப் பழக்கிவிடுவது நல்லது. ராடுக்குப் பின்னால் நிற்க ஆள் இல்லாததாலேயே பலர் டம்பள்ஸோடு நின்றுவிடுகிறார்கள்.