‘பூநாரை கேரண்டி’ என்று சொல்லும் ஏஜென்டிடம் பணம் கட்டாதீர்கள்

பழவேற்காடு, அண்ணாமலைச்சேரி பக்கம் பறவை பார்க்க வருகிறவர்களுக்கும், என்னைப் போல அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிற உள்ளூர்க்காரர்களுக்கும் இதை எழுதுகிறேன். போன ஜனவரியில் ஒரு சென்னை ஏஜென்ட் என்னையும் ஏமாற்றினார், அவரை நம்பி வந்த ஐந்து பேரையும் ஏமாற்றினார்.

“அண்ணா, அஞ்சு பேரு வர்றாங்க. நீங்க கூட இருந்து காட்டினா போதும்” என்று போன் வந்தது. நாளுக்கு 3,500 ரூபாய் பேசினோம். பாதி முன்பணம் கேட்டேன். ஜிபேயில் 500 வந்தது. மீதி, ட்ரிப் முடிந்த உடனே என்றார். சீசன் நேரம், சரி என்று ஒத்துக்கொண்டேன். அந்த இடத்திலேயே மறுத்திருக்க வேண்டும்.

காலை ஆறு மணிக்குப் பொன்னேரியில் நிற்கச் சொன்னார். வேன் வந்தது எட்டே முக்காலுக்கு. டிரைவரிடம் சொல்லப்பட்ட நேரமே வேறாம். ஏரிக்கரையில் இரண்டே முக்கால் மணி நேரம் தாமதம் என்பது சின்ன விஷயமில்லை. வெயில் ஏறிவிட்டால் சேற்றுக்கு மேல் கானல் ஆடும், ஸ்கோப்பில், அதாவது தூரத்துப் பறவையைப் பார்க்கிற தொலைநோக்கியில், எல்லாமே கலங்கித் தெரியும். உள்ளான், உப்புக்கொத்தி என்கிற சின்னக் கரைப்பறவைகளைப் பிரித்துச் சொல்ல எனக்கே திணறும்.

வந்தவர்கள் கையில் அச்சடித்த தாள் இருந்தது. நேலப்பட்டு, சூலூர்ப்பேட்டை, பழவேற்காடு, எல்லாம் ஒரே நாளில். கீழே கொட்டை எழுத்தில்: ‘படகில் சென்று பூநாரைகளை 20 அடி தூரத்தில் பார்க்கலாம், கேரண்டி.’ இதில் ஒரு வார்த்தை கூட என்னிடம் அவர் சொல்லவில்லை. கூழைக்கடா கூடு கட்டும் நேலப்பட்டு ஆந்திராவில், சூலூர்ப்பேட்டைக்கும் அந்தப் பக்கம் இருக்கிறது. அதற்கே அரை நாள் வேண்டும். பூநாரைக்கு, அதாவது ஃபிளமிங்கோவுக்கு, யாரும் கேரண்டி கொடுக்க முடியாது. கால் ஊன்றி நின்று மேய்கிற பறவை அது. மழை நிறையப் பெய்து ஏரியில் தண்ணீர் ஆழமாக நின்றால் ஆழம் குறைந்த இடம் தேடிப் போய்விடும். தண்ணீர் வடிய வடியத்தான் கூட்டம் சேரும்.

படகு விஷயம் இன்னும் மோசம். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று இதே ஏரியில் படகு கவிழ்ந்து, சுற்றிப் பார்க்க வந்த இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அதன் பிறகு சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றத் தடை போட்டார்கள். அந்த நாளை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை.

அண்ணாமலைச்சேரியில் அன்று நல்ல பூநாரைக் கூட்டம் இருந்தது, அரை கிலோமீட்டர் தள்ளி. ஏஜென்டுக்குப் போன் போட்டேன். “யாராவது மீன்காரரைப் புடிச்சு போட்ல கிட்ட போய்க் கிளப்பி விடுங்கண்ணா, பறக்கிற போட்டோதான் கேக்குறாங்க” என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவ்வளவு தூரம் பறந்து வந்து இரை எடுக்கிற பறவையை ஒரு படத்துக்காகத் துரத்துவதா? முடியாது என்று சொல்லி வைத்துவிட்டேன். பெரிய லென்ஸ் கொண்டுவந்த இரண்டு இளைஞர்கள் என்மேல் கோபப்பட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், தாளில் அப்படித்தானே போட்டிருந்தது.

கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற டீச்சரம்மா மட்டும் ஸ்கோப்பை விட்டு நகரவில்லை. ஒரு பூநாரை அலகைத் தண்ணீரில் தலைகீழாக வைத்து, அதை நடுவாக்கி, சேற்றை மிதித்து மிதித்து வட்டமாகச் சுற்றி வந்தது. அடிச்சேற்றைக் கலக்கி இரையை மேலே கொண்டுவர அப்படிச் செய்யும். “தம்பி, காலாலேயே கோலம் போடுது பாருங்க” என்றார். இருபது அடி கிட்டே போயிருந்தால் இதைப் பார்த்திருக்கவே முடியாது.

டீக்கடையில் அவர் சொல்லித்தான் தெரிந்தது, தலைக்கு 7,800 ரூபாய் கட்டியிருக்கிறார்கள். திரும்பும்போது எனக்கென்று 1,000 ரூபாய் நீட்டினார். வாங்க மனம் வரவில்லை. அன்று ராத்திரி ஏஜென்ட், ‘கஸ்டமர் கம்ப்ளெயின்ட்’ என்று ஒரு மெசேஜ் போட்டுவிட்டு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். மீதி 3,000 இன்றுவரை வரவில்லை.

கைடு வேலை பார்க்கும் தம்பிகளே, பாதிப் பணம் கைக்கு வராமல் வீட்டைவிட்டுக் கிளம்பாதீர்கள். வருகிறவர்களுக்குக் கொடுத்த தாளை முதலில் உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள், அவர்களில் ஒருவருடைய எண்ணையும் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கினால் விட்டுவிடுங்கள். பறவை பார்க்க வருகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன் கைடு யார் என்று கேட்டு அவரிடமே பேசுங்கள். எத்தனை மணிக்குக் கரையில் இருப்போம், ஸ்கோப் உண்டா, இப்போது ஏரியில் தண்ணீர் எப்படி என்று கேளுங்கள். அங்கேயே இருக்கிறவருக்கு உடனே பதில் வரும். படகு என்று தாளில் பார்த்தாலே ஒதுங்கிவிடுங்கள்.

பறக்கும் பூநாரைக் கூட்டத்தின் படம் போட்ட அதே தாள், தேதி மட்டும் மாறி, போன வாரமும் எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது.