உடைக்குமுன் பார்க்கத் தெரிந்த பிளம்பர்

நான் இருக்கிற சிங்கப்பூரில் குழாய் வேலைக்கு ஆள் தேடுவது பெரிய பாடில்லை. தண்ணீர் வாரியமான பி.யு.பி. உரிமம் கொடுத்த பிளம்பர்களில் ஒருவரைக் கூப்பிட்டால் முடிந்தது. திருநெல்வேலி டவுனில் யாரும் உரிமம் கேட்டு ஆள் வைப்பதில்லை. ஐ.டி.ஐ.யில் ஓராண்டு பிளம்பர் டிரேடு படித்தவர்கள் இருக்கிறார்கள், ஒரு மேஸ்திரியிடம் கையாளாகப் போய்த் தொழில் பழகியவர்களும் இருக்கிறார்கள். இரண்டு வகையிலும் நல்ல வேலைக்காரர் உண்டு, வீட்டைக் கெடுத்துவிட்டுப் போகிறவரும் உண்டு. விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அம்மா தனியாக இருக்கிற பழைய வீடு என்றால் அந்த விசாரணையில் கொஞ்சமும் அவசரப்படக் கூடாது.

எங்கள் வீடு ரதவீதியை ஒட்டிய சந்தில் தாத்தா கட்டியது. திண்ணை, பட்டாசாலை, இரண்டாம் கட்டு, அடுக்களை, புறவாசல் என்று ரயில் பெட்டி போல நீண்டுகொண்டே போகும். இரண்டு பக்கமும் பொதுச்சுவர். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும்தான், சிமெண்ட் கிடையாது. குழாயெல்லாம் பின்னால் வந்தவை, சுவருக்குள் பதித்த ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசிய இரும்புப் பைப்புகள். இந்தத் தடவை போனபோது குளியலறைச் சுவர் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறி, காரை பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு மைனி கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், அவர்கள் பூஜை அறையின் பின்சுவரைக் காட்டினார். அங்கேயும் ஈரம். “சண்டைக்குச் சொல்லல, கேட்டியா? ஒங்க அம்மா வயசுக்கு அவ்வோளால அலைய முடியாது, நீ இருக்கும்போதே பாத்துரு” என்றார். பொதுச்சுவர் வீடுகளில் ஒரு வீட்டு ஒழுக்கு இரண்டு வீட்டு உறவையும் சோதித்துவிடும். மைனி நல்ல மனுஷி, எங்களுக்குப் பிரச்சினை வரவில்லை.

முதலில் வந்தவர் வாசல்படி தாண்டி உள்ளே வந்து, சுவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “எல்லாத்தையும் உடைச்சு எடுத்துட்டு புதுசா போட்டாத்தான் சரிவரும்” என்றார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, தொட்டி எங்கே, வால்வு எங்கே என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. பாயிண்டுக்கு, அதாவது தண்ணீர் வருகிற ஒவ்வொரு இடத்துக்கும், இவ்வளவு என்று மொத்தமாகப் பேசினார். புது வீட்டுக்குப் பாயிண்ட் கணக்கு சரி. ஒழுக்கு எங்கே என்றே தெரியாத இடத்தில் பாயிண்ட் கணக்குப் பேசினால், எத்தனை பாயிண்ட் மாற்றுகிறாரோ அத்தனை லாபம் அவருக்கு. இருக்கிற குழாயைக் காப்பாற்ற அவருக்கு என்ன அவசியம்? தேடிக் கண்டுபிடிக்கிற வேலைக்கு நாள் கூலிதான் நியாயம். அவரை மரியாதையாகவே அனுப்பிவைத்தோம்.

ஹார்டுவேர்ஸ் கடையில் கேட்டாலும் ஆள் அனுப்புவார்கள். அந்தக் கடைக்கு வாடிக்கையாக வருகிறவராக இருப்பார். சில பைப் கம்பெனிகள் பிளம்பர்களுக்கு வாங்கும் சரக்குக்குத் தக்கபடி பரிசுப் புள்ளிகள் கொடுக்கின்றன. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, அவர்கள் பிழைப்பு. ஆனால் நிறையச் சரக்கு வேண்டும் என்கிற யோசனை யாரிடமிருந்து வருகிறது என்பதை நாம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் கேட்டது, இன்னும் பழைய வீட்டிலேயே குடியிருக்கிறவர்களை. “ஒங்க வீட்டுக்கு யாரு வாறாவ? ரெண்டாந்தடவை கூப்பிட்டா வாறாவளா?” இந்த இரண்டாவது கேள்வியில் பல பேர்கள் கழிந்துபோயின.

மிஞ்சியவர் மீனாட்சிபுரத்தில் இருக்கிற எங்கள் அத்தான் சொன்ன ஆள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரை மீறி ஜங்ஷன், மீனாட்சிபுரம் பக்கமெல்லாம் வெள்ளம் புகுந்ததே, அப்போது அத்தான் வீட்டுத் தரைத்தொட்டியும் மோட்டாரும் சகதிக்குள் போய்விட்டன. ஊரெல்லாம் பிளம்பருக்குக் காத்துக்கிடந்த நேரம், என்ன கூலி கேட்டாலும் கொடுத்திருப்பார்கள். இவர் வந்து தொட்டியை இறைத்துக் கழுவி, லைனைத் திறந்துவிட்டு, வழக்கமான கூலிதான் வாங்கியிருக்கிறார். இதற்கு மேல் ஒருவரைப் பற்றி எனக்கு என்ன சான்று வேண்டும்?

அவர் வந்ததும் சுவர்ப் பக்கமே போகவில்லை. தெருவில் மாநகராட்சி இணைப்பு வரும் இடத்தில் தொடங்கி, தரைத்தொட்டி, மோட்டார், அங்கிருந்து தட்டட்டி என்கிற மொட்டைமாடிமேல் இருக்கிற தொட்டி என்று தண்ணீர் போகிற வழியிலேயே நடந்தார். மாநகராட்சி லைன் முன்பக்கத் தொட்டியோடு நின்றுவிடுகிறது, அந்தச் சுவருக்குப் போகவில்லை. ஆக, மேல்தொட்டி லைன்தான் சந்தேகம். அன்று ராத்திரி மேல்தொட்டி கேட் வால்வை அடைத்துவிட்டு, ஒரு மூங்கில் கம்பைத் தொட்டியில் விட்டு, நனைந்த இடத்தில் கரியால் கோடு போட்டார். காலையில் கம்பை விட்டுப் பார்த்தால் கோடு மாறவில்லை, தொட்டி ஒழுகவில்லை. மறுநாள் ராத்திரி வால்வைத் திறந்துவைத்து, வீட்டுக் குழாய்களை எல்லாம் அடைத்தோம். விடிந்ததும் நாலு விரற்கடை இறங்கியிருந்தது. அடுத்து, அடுக்களைக்கும் குளியலறைக்கும் பிரிகிற டீ என்கிற மூன்று வாய் இணைப்பில் குளியலறைப் பக்கத்தை மட்டும் கழற்றி பிளக் அடித்தார். அதற்குப் பிறகு தண்ணீர் இறங்கவே இல்லை.

“அக்கா, உடைக்கதுக்கு எவ்வளவு நேரம் ஆவும்? எங்கன ஒழுகுதுன்னு தெரிஞ்சுக்கிட்டு உடைச்சா ஒரு சாண் போதும்” என்றார். சொன்னபடி ஒரு சாணுக்குத்தான் உளியை வைத்தார். உள்ளே எல்போ என்கிற வளைவுத் துண்டு, மரை ஏறுகிற இடத்தில் துருப்பிடித்து, நகத்தால் சுரண்டினால் பொருக்குப் பொருக்காக வந்தது. ஜி.ஐ. பைப்பின் மேல் இருக்கிற துத்தநாகப் பூச்சு மரை வெட்டும்போது போய்விடும், துரு முதலில் பிடிப்பது அங்கேதான் என்று கையில் வைத்துக் காட்டினார். பைப்பின் உள்துளையும் துருவும் உப்பும் படிந்து சுண்டுவிரல்கூட நுழையாத அளவுக்குச் சுருங்கியிருந்தது. குளியலறையில் தண்ணீர் நூலாக வருகிறது என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்ததற்குக் காரணமும் அதுதான்.

பழைய வீடு வைத்திருக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது அடுத்து அவர் செய்ததை. அந்த ஜி.ஐ. லைனைச் சுவருக்குள்ளேயே சாகவிட்டு, இரண்டு முனையையும் அடைத்துவிட்டார். புதிய சி.பி.வி.சி. என்கிற பிளாஸ்டிக் பைப்பைச் சுவருக்கு வெளியே கிளாம்ப் போட்டு ஓட்டினார். காரைச் சுவரில் கிரைண்டர் வைத்துக் காடி வெட்டினால் அதிர்வில் சுற்றிலும் காரை கழன்றுவிடும், அதுவும் பாதிச் சுவர் மைனி வீட்டுடையது. பைப் வெளியே தெரிவது அழகில்லை என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அது அழகாகவே படுகிறது. இனி எங்கே ஒழுகினாலும் அம்மா கண்ணுக்கே தெரியும். குழாய் மாட்டுகிற இடங்களில் பித்தளை மரை உள்ள ஃபிட்டிங்தான் போட்டார். பிளாஸ்டிக் மரை, குழாயை இறுக்கும்போது விரிசல் விடும். புறவாசலில் வெயில் படுகிற பைப்புக்குத் தண்ணீரில் கரைக்கிற பெயிண்ட் அடிக்கச் சொன்னார், சி.பி.வி.சி.க்கு வெயில் ஆகாது. சரக்கை நானே கடைக்குப் போய் வாங்கினேன். அவர் எழுதிக் கொடுத்த சீட்டில் சி.பி.வி.சி. பைப் ஐ.எஸ். 15778 என்கிற இந்தியத் தர முத்திரையோடு இருக்க வேண்டும் என்று அடிக்கோடு போட்டிருந்தது.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு ஜாயிண்டிலும் காய்ந்த தினத்தந்தித் தாளைச் சுற்றிவைத்து, ராத்திரி முழுக்கத் தண்ணீர் நிற்கவிட்டார். காலையில் எல்லாத் தாளும் மொரமொரவென்று இருந்ததைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சுவரை மூடச் சொன்னார். சிமெண்ட் வேண்டாம் என்றார். காரைச் சுவரில் சிமெண்டால் ஒட்டுப் போட்டால் ஈரம் வெளியேற வழியில்லாமல் ஓரத்துக்கு ஓடி, அங்கே உப்புப் பூக்கும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரையும் அவரே கூட்டிவந்தார். அப்படிப்பட்ட கொத்தனார்கள் இப்போது அருகிவிட்டார்கள். கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

கழற்றிய பித்தளை டேப்புகளையும் வால்வையும் ஒரு சாக்கில் போட்டு அம்மா முன்னால் வைத்து, “ஆச்சி, எண்ணிக்கிடுங்க” என்றார். பழைய பித்தளைக்கு எடைக்கு நல்ல காசு. வேறு ஆளாக இருந்தால் அது பையோடு போயிருக்கும், அம்மாவும் கேட்டிருக்க மாட்டாள். “ஏய்யா, சாப்பிட்டுட்டுப் போ” என்று அம்மா உட்காரவைத்துவிட்டாள். கூலியை நான் பேரம் பேசவில்லை. பத்து இருபதைக் குறைத்து என்ன சாதிக்கப் போகிறோம்? நான் விமானம் ஏறின பிறகு ராத்திரி பத்து மணிக்கு மோட்டார் நின்றுபோனால் அம்மாவின் போனை எடுக்கப் போகிறவர் அவர்.

நாள் பார்ப்பதில் மட்டும் கவனம் வேண்டும். ஜூன் விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு ஆனி மாதம் குறுக்கே வரும். நெல்லையப்பர் தேரோட்டம் நடக்கிற நாளில் உள்ளூர் விடுமுறை, டவுனில் ஒரு வேலையும் ஓடாது. அவரவர் ஊர்க் கோயில் கொடைத் திருவிழா என்றாலும் அப்படித்தான், ஆளைப் பார்க்க முடியாது. அதைக் குறை சொல்லக் கூடாது, நாமும் கொடைக்கும் தேருக்கும்தானே ஓடிவருகிறோம். ஊருக்கு வந்து இறங்கியதுமே வேலையை ஆரம்பித்துவிட்டால், ஒழுக்கைத் தேடுவதற்கும் ஜாயிண்ட் காய்வதற்கும் ராத்திரிகள் கிடைக்கும். புறப்படுகிற வாரத்தில் ஆரம்பித்தால் உடைக்கிறவர்தான் கிடைப்பார்.

எங்கள் வீட்டில் இன்னும் மோட்டார் தண்ணீர் உறிஞ்சுகிற பைப்பின் அடியில் இருக்கிற ஃபுட் வால்வு மாற்ற வேண்டியிருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் வந்து மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தரைத்தொட்டி வாயையும் ஒரு முழம் உயர்த்திக் கட்டச் சொன்னார், தெருத்தண்ணீர் உள்ளே போகாமல் இருக்க. அதற்கும் அந்தக் கொத்தனாரிடமே சொல்லிவைத்திருக்கிறோம். எந்த வால்வு எந்த லைனுக்கு என்று அவர் ஒவ்வொன்றிலும் பெயிண்டால் எழுதிவிட்டுப் போயிருக்கிறார், அம்மாவுக்குக் கண்ணாடி இல்லாமலே வாசிக்கிற அளவுக்குப் பெரிதாக.