தங்கத் துஜாவா, படரும் ஜூனிபரா?

குட்டையாக இருக்க வேண்டும், வருடம் முழுக்கப் பச்சையாக இருக்க வேண்டும், அடிக்கடி வெட்டவும் கூடாது. இப்படி ஒரு ஊசியிலைச் செடி தேடித்தான் இரண்டு ரகங்களை வாங்கினேன். சேலத்தில் என் வீட்டிலும், ஏற்காட்டில் அக்கா வீட்டிலும் இரண்டையும் வைத்துப் பார்த்தோம். நடுவே 20 கொண்டை ஊசி வளைவுகள். செடிக்கோ அது வேறு நாடு.

படத்தில் பார்த்து எல்லோரும் மயங்கும் கூம்பு வடிவக் குட்டை ஸ்ப்ரூஸை முதலிலேயே தள்ளிவிடுங்கள். 1904-இல் கனடாவின் ஆல்பர்ட்டாவில் கண்டெடுத்த ரகம் அது. பனியில் உறங்கி எழ வேண்டிய செடிக்கு ஏற்காட்டு மார்கழி எல்லாம் குளிரே இல்லை.

மிஞ்சியவை இரண்டு. தங்கத் துஜா முட்டை வடிவில் நிற்கும். இலைகள் விசிறி விசிறியாக, புத்தகத்தை நிறுத்தி அடுக்கியதுபோல் செங்குத்தாக இருக்கும். பத்து வருடத்தில் இடுப்பளவு வந்தாலே அதிகம். படரும் ஜூனிபர் ஜப்பானியக் கடலோரத்துச் செடி. ஒரு அடி உயரத்துக்குள் பாய் விரித்தாற்போல் பரவும். போன்சாய்க்காரர்களுக்குச் செல்லப்பிள்ளை.

சேலத்து வெயிலுக்குத் துஜாதான். சித்திரையில் மொட்டை மாடியில் நின்றும் தாங்கியது. ஆனால் என் போர் தண்ணீர் உப்பு. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்தது, இலை மஞ்சளித்தது. மழைநீர் பிடித்து ஊற்றிய பிறகே தேறியது. கோடையில் செஞ்சிலந்திப் பேன் வேறு வரும். கிளைக்கு அடியில் வெள்ளைத்தாளைப் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் அதுதான். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பாதி போய்விடும்.

வாங்கும்போது ஏமாறாதீர்கள். ஒரு நர்சரியில் ‘குட்டை ரகம்’ என்று சொல்லிக் கொடுத்தது மூன்றே வருடத்தில் என் தோளைத் தொட்டது. விதையில் முளைத்த சாதாரணத் துஜா! நிஜக் குட்டை ரகத்தில் கிளைகள் நெருக்கமாக இருக்கும், விரல் நுழைவதே சிரமம்.

ஜூனிபர் எனக்குச் சேலத்தில் சரிப்படவில்லை. வேர் ஈரமாக இருந்தால் அழுகுகிறது, காய்ந்தால் கருகுகிறது. அதைவிடக் கொடுமை, செத்த பிறகும் பல வாரம் பச்சையாகவே நிற்கும். நான் செத்த செடிக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். சந்தேகம் வந்தால் தண்டை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை இல்லையென்றால் முடிந்தது.

அதே ஜூனிபர் அக்கா வீட்டுக் கல்கட்டு ஓரத்தில் வழிந்து தொங்குகிறது. சரிவு என்பதால் தண்ணீர் தேங்குவதில்லை, வெயிலும் நாள் முழுக்க உண்டு. சில்வர் ஓக் நிழலில் வைத்த இன்னொன்று மட்டும் உள்பக்கம் மொட்டையாகிவிட்டது. அப்படி வெறுமையான கிளை பெரும்பாலும் மறுபடி துளிர்க்காது. அதனால் வெட்டும்போது பச்சை இருக்கும் இடம் வரைக்கும்தான் கத்தரி போக வேண்டும். துஜாவுக்கும் இதே கதைதான்.

“இது செடியா பொம்மையா, வளரவே மாட்டேங்குது?” என்று முதலில் கேலி செய்தவள் அக்கா. போன மழைக்காலத்தில் எனக்கு மிஞ்சியிருந்த ஜூனிபர் தொட்டியையும் மேலே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். துஜாவையும் கேட்டாள். தரவில்லை.