கெண்டைக்கால் அழுத்தம் பார்க்கும் ஸ்ட்ரைக்கர் கைக்கருவி

அடைபட்ட நாடியைத் திறந்து இரத்த ஓட்டம் திரும்பிய பிறகு, கால் வீங்கித் தசையறைகள் இறுகுவது கொம்பார்ட்மென்ட் சின்ட்ரோமின் ஒரு வகை. அந்த இறுக்கத்தை அளக்கும் கருவி இது. கருவி நல்லது, ஆனால் எல்லாருக்கும் வேண்டியதில்லை. விழிப்பாயிருக்கும் நோயாளியின் பெருவிரலைப் பிடித்து வளைத்தாலே கத்துகிறார், கெண்டை பலகை மாதிரி இருக்கிறது என்றால் ஊசி தேடாமல் தியேட்டருக்கு ஏற்றுங்கள். பாதத்தில் துடிப்பு இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ளவும் வேண்டாம். அது கடைசியில்தான் போகும். மயக்கத்தில் இருப்பவர், எபிடியூரல் (முதுகில் போடும் மரத்துப்போகும் ஊசி) போட்டவர், சொல்லத் தெரியாத பிள்ளை: இவர்களுக்கே கருவி.

பக்கத்துளை ஊசி, சவ்வறை, 3 மில்லிலீற்றர் சலைன் சிரிஞ்ச் மூன்றையும் பூட்டி, ஊசியை 45 பாகை மேல்நோக்கிப் பிடித்துக் காற்றை வெளியே தள்ள வேண்டும். குமிழ் மிஞ்சினால் எண் பொய். பிழை அதிகம் வருவது அடுத்த படியில்: குத்தப்போகும் அதே கோணத்தில் வைத்துத்தான் பூச்சியமாக்க வேண்டும். குத்திய பின் 0.3 மில்லிலீற்றருக்கு மேல் செலுத்தாமல், எண் நிலைக்கும்வரை பொறுங்கள். கெண்டையை அமுக்கும்போது எண் ஏறினால் ஊசி சரியான இடத்தில் நிற்கிறது. ஒவ்வொரு அறைக்கும் மறுபடி பூச்சியம். முழங்காலுக்குக் கீழே அறைகள் நான்கு. முன்னறையோடு நிறுத்தினால் ஆழமான பின்னறை தப்பிவிடும்.

எண்ணைத் தனியே வாசிக்காதீர்கள். இரத்த அழுத்தம் 100/60, அறை அழுத்தம் 34 என்றால், கீழ் எண்ணான 60இலிருந்து 34ஐக் கழித்த இடைவெளி 26. 30க்குக் கீழே போனால் தோலையும் தசையுறையையும் திறக்க வேண்டும். அழுத்தம் 130/80 உள்ளவரிடம் அதே 34 என்றால் காத்திருந்து, திரும்ப அளக்கலாம்.

கண்ணாடிப்புடையன் கடித்து வீங்கிய காலுக்கும் இதைக் கேட்பார்கள். அங்கே முதலில் விஷமுறிவு மருந்து கொடுத்து, குருதி உறைதலைச் சரிசெய்ய வேண்டும். அது சரியாகும் முன் கத்தி வேண்டாம்.

அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் உள்ள நாடி அழுத்த டிரான்ஸ்டியூசரில் (அழுத்தத்தை எண்ணாகக் காட்டும் உணரி) சாதாரண 18 கேஜ் ஊசியைப் பூட்டியும் பார்க்கலாம். ஆனால் நேரான ஊசி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும்.

நெடுந்தீவில் அடிபட்டுப் படகில் குறிகட்டுவான் வந்து, பிறகு வீதியால் யாழ்ப்பாணம் சேர்பவருக்கு, காயம்பட்ட நேரத்திலிருந்தே மணியை எண்ணுங்கள். ஓட்டமில்லாமல் 6 மணித்தியாலம் தாண்டிய காலென்றால், நாடியைத் தைக்கும்போதே நான்கு அறைகளையும் திறந்துவிடுவது நல்லது. அங்கே இந்தக் கருவிக்கு வேலையில்லை.